திட்டமிடாத உயர மாற்றம்

கூரம்பின் என்ற ஊரில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் நடுவர் ஹெட்லி ட்ரெவார்த்தா, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அறுபது பேர் கண்ணுக்கு முன்னால் புல்தரையில் தொப்பென்று விழுந்தார். எழுபத்தொன்பது வயசில் ஒரு மனிதர் விழுவதற்குப் பூரண உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும், உருட்டிய பந்துகளில் எது வெள்ளைக் குண்டுக்குக் கிட்டத்தில் நிற்கிறது என்று குனிந்து நாடா பிடித்து அளந்துவிட்டு, நிமிர்ந்த கையோடு விழுந்தார். மூன்றாவது தடவை, ஜெயிக்க வேண்டிய பந்தின் மேலேயே விழுந்து அதை ஓரத்துப் பள்ளம் வரைக்கும் தள்ளிவிட்டார். முதல் இரண்டும் விபத்து, மூன்றாவது குற்றம் என்று கிளப் முடிவு செய்தது.

கிளப்பின் தலைவி டாஃப்னி ராஸ்கில்லி, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைத் தொட்டாள். அவள் எப்போதும் கத்தியைத் தேநீரில் முக்கி எடுத்தே செருகுவாள்.

"ஹெட்லி, மனசுல வெச்சுக்காதீங்க. காலைலயே போட்டுட்டு வர்றீங்களோன்னு ஜனங்க பேசிக்கறாங்க."

"எதைப் போட்டுட்டு?"

"அதான், பாட்டில் சமாச்சாரம்."

ஹெட்லி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர் வீட்டில் நாலு தலைமுறையாக எவரும் ஒரு சொட்டு தொட்டதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி ஊற்றியிருந்தால் மூக்காலேயே கண்டுபிடித்து, தட்டைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள். அவரைப் பார்த்து இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? வாய் குளறிற்று, கை நடுங்கிற்று. "பாருங்க, இப்பவே நடுங்குது" என்றாள் டாஃப்னி, மிகுந்த பரிவோடு.

ஹெட்லியின் மகள் கிளெனிஸ், ஊர்க் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அப்பாவை ஆட்டுவது எது என்று அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று. பிப்ரவரியில் அவருக்குப் புதிதாக ஒரு ரத்த அழுத்த மாத்திரை எழுதியிருந்தார்கள். படுத்திருந்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, குனிந்து நிமிர்ந்தால் பூமி கழன்றுவிடும். ஊரில் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் பூமி கழன்றது. ரொட்டிக் கடைக்காரர் பிசைந்த மாவுக்குள் குப்புற விழுந்து, மூக்குத் துளையில் ஈஸ்டோடு கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்.

கிளினிக்கின் டாக்டர் பிரான்ட்டே அக்டர்பெர்க் மாத்திரையை நிறுத்தினாள். ஒரே வாரத்தில் ஹெட்லி தந்திக் கம்பம் மாதிரி நின்றார். கிளெனிஸ் அவரைக் கையோடு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நல்லாப் பாருங்க டாஃப்னி. இப்ப ஆடறாரா?"

"ஆடல. ரொம்ப சந்தோஷம். எப்ப விட்டார்?"

"மாத்திரையையா? போன திங்கக்கெழம."

"சரி, மாத்திரைன்னே வெச்சுக்குவோம்." டாஃப்னி ஹெட்லியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "விடறது லேசில்ல ஹெட்லி. எங்க சித்தப்பாவும் இப்படித்தான் ஒரு திங்கக்கெழம விட்டார். நாங்க எல்லாரும் உங்க பக்கம்."

விழுந்தால் குடிகாரர், விழாவிட்டால் திருந்திய குடிகாரர். இதற்கு மேல் ஒரு யோக்கியனுக்கு என்ன கதி இருக்கிறது, சொல்லுங்கள். மாத்திரைதான் காரணம் என்று எழுத்து மூலமான மருத்துவ ஆதாரம் வரும் வரையில் ஹெட்லி நடுவர் வேலை பார்க்கக் கூடாது என்று கிளப் தீர்மானம் போட்டது. கூரம்பின் கணக்கு மட்டும் போதாதாம். "நம்ம ஊர்ல எல்லாருமே போடறவங்கதான், அதை வெச்சு எதைக் கண்டுபிடிக்கறது? மத்த ஊர்லயும் விழறாங்களான்னு காட்டுங்க" என்றாள் டாஃப்னி. அதில் ஒரு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

எங்கள் கடற்கரையில் வாற்கோதுமை வயல்களுக்கு நடுவே ஏழு ஊர், ஏழு கிளினிக், ஏழு விதமான கணினி. ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. அக்டர்பெர்க் ஒரு நல்ல செய்தி சொன்னாள். ஏழும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒரு வலையமைப்பு ஆரம்பிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி முறையைச் சேர்ந்தே உருவாக்கப் போகிறார்கள். பிறகு கேள்வியைத் தட்டினால் ஏழு ஊர்ப் பதிலும் ஒரு நொடியில் வந்து விழும்.

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"ஆறு வாரம்னு சொல்றாங்க."

கிளெனிஸ் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஆறு வாரம் என்றாள். ஹெட்லி நாட்காட்டியில் ஆறு வாரத்தை எண்ணி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். பாவம், மையால் போட்டார்.

வலையமைப்பின் முதல் கூட்டம் ஏழுக்கும் நடுவில் இருந்த ஊரின் மன்றத்தில் கூடியது. அடிலெய்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஃபெர்கஸ் டன்வூடி வந்திருந்தார். "என்னைப் பேராசிரியர்னு கூப்பிடாதீங்க, ஃபெர்கஸ் போதும்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் எல்லோரும் அவரைப் பேராசிரியர் ஃபெர்கஸ் என்று கூப்பிட்டார்கள். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வட்டத்தில் மேல் கீழ் கிடையாதாம். கையளவு ஒட்டுத்தாள்கள் ஆளுக்கு ஒரு கட்டு, மஞ்சளும் பச்சையும். கூடிப் படைப்பது என்றால் முதலில் சுவரில் எதையாவது ஒட்ட வேண்டும் என்பது இப்போதைய சாஸ்திரம்.

"இது ஒரு பயணம்" என்று ஆரம்பித்தார் ஃபெர்கஸ். "சேரும் இடம் முக்கியமில்ல. ஆளாளுக்கு ஒரே வார்த்தையில உங்க மனநிலையைச் சொல்லுங்க."

"நம்பிக்கை" என்றாள் அக்டர்பெர்க்.

"அவசரம்" என்றாள் கிளெனிஸ்.

"பசி" என்றார் போர்ட் கெர்வன் கிளினிக்கின் மேலாளர் ரெக்ஸ் பாஸ்கோ. அதையும் ஃபெர்கஸ் மிகுந்த மரியாதையோடு சுவரில் ஒட்டினார்.

அன்றைக்கு ஒரு பொன்விதி வகுக்கப்பட்டது. எந்தக் கிளினிக் எந்தக் கேள்வி கேட்டாலும் அது படிவத்தில் இடம்பெறும். ஒருவர் மனசும் புண்படக் கூடாது. கேள்வியை விட்டுவிட்டால் கேட்டவர் புண்படுவார் அல்லவா? அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் கட்டாயம் பதில் நிரப்ப வேண்டும். போர்ட் கெர்வன்காரர்கள் நோயாளியின் வீட்டுக்கும் கடலுக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்டார்கள். வில்லகூனாக்காரர்கள் நோயாளியின் நாய் பெயரைக் கேட்டார்கள். எங்கள் பக்கத்து விவசாயியிடம் எந்த வருஷம் நெஞ்சு வலித்தது என்றால் தெரியாது, எந்த நாய் இருந்தபோது என்றால் சொல்வார், அதுவும் நியாயம்தான். கிளெனிஸ் ஒரே ஒரு ஒட்டுத்தாளில் 'விழுந்தாரா?' என்று எழுதி ஒட்டினாள். அங்கேதான் வந்தது வினை.

"விழறதுன்னா என்ன?" என்றாள் வில்லகூனா நர்ஸ் இவான். "எங்க ஊர்ல குதிரைலேந்து விழுந்தா அது விழறதுல சேராது. இறங்கறதுல சேரும்."

"படகுல எப்படி?" என்றார் ரெக்ஸ். "படகே ஆடுது. ஆளு விழுந்தானா, படகு எழுந்துச்சா?"

"விழறதுன்னா விழறதுதான்!" என்று கிளெனிஸ் கத்திவிட்டாள். "நிக்கற ஆளு கீழ கெடந்தா அதுக்குப் பேரு வேற என்ன?"

"அருமையான கேள்வி" என்றார் ஃபெர்கஸ், கண்கள் பனிக்க. "இதுக்கு ஒரு துணைக்குழு போடலாம்."

துணைக்குழு பதினோரு வாரம் கூடியது. நாட்காட்டியில் ஹெட்லி போட்ட வட்டம் வந்தது, போனது. கடைசியில் ஏழு ஊரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட சொல் வந்து சேர்ந்தது: 'திட்டமிடாத உயர மாற்றம்.' மன்றத்தில் கைதட்டினார்கள். ரெக்ஸ் இரண்டாவது மஃபினை எடுத்துக்கொண்டார்.

கிளெனிஸ் பொறுமை இழந்து இவானைப் போனில் பிடித்தாள்.

"இவான், நமக்குள்ள சொல்லுடி. அந்த மாத்திரையால உங்க ஊர்ல எத்தனை பேரு விழுந்தாங்க?"

"என்கிட்ட ஒரு எண் இருக்கு கிளென். ஆனா சொல்ல முடியாது."

"ஏன்?"

"கூட்டுறவு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேனே. ஏழு பேரும் சேர்ந்து விளக்கம் தராத எண்ணை யாரும் தனியா வாயால சொல்லக் கூடாது. நீயும்தானே போட்ட?"

"பத்துக்கு மேலயா, கீழயா? அதையாவது சொல்லேன்!"

"பத்துங்கறதுக்கு இன்னும் விளக்கம் வரலியே."

அக்டோபரில் பவுல்ஸ் பருவம் தொடங்கியது. ஹெட்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் சலவை செய்த வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், வெள்ளைத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே தப்பாக அளந்தால் அவருக்குக் கை பரபரக்கும். போகிற வருகிறவர்கள், "எத்தனை மாசமாச்சு ஹெட்லி, விட்டு?" என்று அன்போடு விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்து, "ஆசை வந்தா இதைக் குடிங்க" என்றாள். ஒரு பருவம் முழுக்க அப்படியே போயிற்று.

"அம்மாடி" என்றார் ஒருநாள். "எனக்கு எண்பது ஆயிடுச்சு. இன்னும் எத்தனை பருவம் பாக்கியோ. ஹெட்லி நல்ல நடுவர்னு ஊர்ல யாரும் சொல்ல வேணாம். குடிகாரன்னு சொல்லிப் பொதைச்சிடாம இருந்தா போதும்."

கிளெனிஸ் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்க் கெட்டிலோடு நின்று அழுதாள்.

இதற்குள் படிவம் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகளாக வளர்ந்திருந்தது. கணினியைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நிஜமான நோயாளியைப் போட்டால் அவர் அந்தரங்கம் என்ன ஆவது? ஆகவே ஒரு கற்பனை நோயாளியைக் கூடிப் படைத்தார்கள். பெயர் பெர்சி சாம்பிள். அவரில் ஏழு கிளினிக்குக்கும் சம பங்கு. ஆளுக்கு ஆறு வியாதி கொடுத்தார்கள், அந்தப் புது மாத்திரையையும் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு தடவை அவரை விழவைத்துப் பார்த்தார்கள். 'ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை மது?' என்ற கட்டத்தில் மூன்று இலக்கம் ஏறுகிறதா என்று பார்க்க ரெக்ஸ் 999 என்று தட்டினார். ஏறிற்று. எல்லோரும் திருப்திப்பட்டார்கள்.

கணினி முறை, வலையமைப்பு தொடங்கிய எழுபதாவது வாரம் திறந்து வைக்கப்பட்டது. கிளெனிஸ் முதல் ஆளாக அப்பாவையே உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். முப்பத்தேழாவது கேள்வியில் ஹெட்லிக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் நூற்றுப் பத்து வரை தாக்குப் பிடித்து, ரொட்டி தீய்கிற வாசனை வருகிறது என்று ஓடிவிட்டார். நாய் வளர்க்காதவர்கள் பன்னிரண்டாம் கேள்வியிலேயே நின்றுபோனார்கள். பாதியில் விட்ட ஒவ்வொருவரையும் கணினி 'முழுமையற்ற மனிதர்' என்று ஒதுக்கியது. ஏழு ஊரிலும் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருந்த ஒரே முழு மனிதர் பெர்சி சாம்பிள்.

ஆகஸ்டில் முதல் அறிக்கை வந்தது. கனத்த தாள், மேலே ஏழு கிளினிக்கின் முத்திரை. கிளெனிஸ் நின்றபடியே படித்தாள். புது மாத்திரை சாப்பிட்டவர்களில் திட்டமிடாத உயர மாற்றத்துக்கு உள்ளானவர்கள்: நூற்றுக்கு நூறு.

அது ஒரே ஆள், அந்த ஆளும் இல்லாத ஆள் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெர்சியை விழவைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனாலும் நூற்றுக்கு நூறு என்ற எழுத்தைப் பார்த்ததும் கை கால் எல்லாம் குதித்தன. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அப்பாவை இழுத்துக்கொண்டு கிளப்புக்கு ஓடினாள்.

டாஃப்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கம் படித்தாள். "அடேயப்பா, நூத்துக்கு நூறா! ஹெட்லி, நாங்க உங்களை..." என்று எழுந்தே விட்டாள். அப்புறம், எழுந்த கையோடு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஹெட்லி."

"என்ன?"

"மாத்திரை சாப்ட்டு விழுந்தவங்கள்ல குடிக்கறவங்க நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்கு. சராசரி, ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது கோப்பை." அவள் மெல்ல உட்கார்ந்தாள். "எப்படி ஹெட்லி முடியுது? பாத்ரூம் போக நேரம் வேணாமா?"

"ஐயோ டாஃப்னி, அது ஒரே ஆளு!" என்றாள் கிளெனிஸ். "பேரு பெர்சி சாம்பிள். அப்படி ஒரு ஆளே கெடையாது!"

"ஆளே இல்லாத ஆளுக்கு ஏழு கிளினிக் முத்திரை இருக்கு. உங்கப்பா இருக்கார், அவர்கிட்ட ஒரு முத்திரையாவது இருக்கா?"

கிளெனிஸ் அறிக்கையைத் திரும்ப வாங்கி மடித்தாள். தானே சுமந்துகொண்டு வந்த தாளை அவள் எந்த முகத்தோடு பொய் என்பாள்? மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ஃபெர்கஸிடம் போய்ப் பெர்சியை அழித்தே தீர வேண்டும் என்றாள்.

"அது எப்படிம்மா முடியும்? நோயாளி சம்மதம் இல்லாம பதிவை எடுக்கக் கூடாதுன்னு நாமதானே விதி போட்டோம். ஒண்ணு அவரே கையெழுத்துப் போடணும். இல்லேன்னா மரணச் சான்றிதழ் வேணும்."

"சரி, செத்துட்டார்னு எழுதிடுங்க!"

"உடலை ஒரு டாக்டர் பாக்கணுமே."

"உடலே இல்லியே!"

"அப்ப உயிரோட இருக்கார்னுதான் எடுத்துக்கணும்" என்றார் ஃபெர்கஸ், ரொம்பவும் வருத்தத்தோடு. "நேர்ல கூட்டிட்டு வாங்க. நானூத்திப் பன்னிரண்டு கேள்விக்கும் பதிவுல இருக்கற பதிலையே சொன்னார்னா அவர்தான் பெர்சின்னு ஏத்துக்கறோம்."

எண்பது வருஷத்தில் ஒரு பொய் சொல்லாத ஹெட்லியைப் பெர்சியாக்க மூன்று வாரம் பிடித்தது. "இல்லாத ஆளைப் பத்திச் சொன்னா அது எப்படிப்பா பொய்யாகும்?" என்று மகள் கேட்டதற்கு அவர் இரண்டு நாள் யோசித்தார். குடிகாரர் இல்லை என்று நிரூபிக்க ஊரிலேயே பெரிய குடிகாரராக வேஷம் கட்ட வேண்டியிருக்கிறதே என்று பெருமூச்சு விட்டார். அப்புறம் நாற்பத்திரண்டு வியாதியையும் வரிசையாக மனப்பாடம் செய்தார்.

செப்டம்பரில் ஃபெர்கஸின் அறையில் விசாரணை நடந்தது. ஃபெர்கஸுக்கு ஹெட்லியை நன்றாகவே தெரியும். பெர்சியைப் படைத்தவர்களில் அவரும் ஒருவர். இருந்தாலும் எழுந்து நின்று கை கொடுத்து, "கடைசியில உங்களை நேர்ல பாக்கக் கெடைச்சுதே, பெர்சி" என்றார்.

கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. இருநூற்று நாற்பதாவது கேள்வி வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை மது?"

ஹெட்லியின் காது மடல் சிவந்தது. பரலோகத்தில் இருக்கும் நாலு தலைமுறையிடமும் மன்னிப்புக் கேட்கிறவர் போல் மேலே பார்த்தார்.

"தொள்ளாயிரத்து... தொண்ணூத்தொம்பது."

"குறைச்சுக்கணும்னு எப்பவாவது நெனைச்சதுண்டா?"

"இப்பதான் நெனைக்கறேன்."

கையெழுத்துப் போட்டார். ஃபெர்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம வலையமைப்புல இவரை மாதிரி ஒத்துழைச்ச நோயாளி இல்ல. போறது பெரிய இழப்பு" என்றார். அதிலும் பொய்யில்லை.

பெர்சி போனதும் கணினி சுத்தமாயிற்று. அடுத்த வாரமே திருத்திய அறிக்கை வந்தது. விழுந்தவர்கள்: இல்லை. குடித்தவர்கள்: இல்லை. புகார்கள்: இல்லை. ஏழு ஊர்களிலும் இம்மாத்திரையால் திட்டமிடாத உயர மாற்றம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. கீழே ஏழு நர்ஸ்களும் கையெழுத்திட வேண்டும்.

கிளெனிஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். இது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்காரரின் மூக்கு தெரியும். ஆனால் 'குடித்தவர்கள்: இல்லை' என்ற அந்த ஒரு வரி! அப்பாவுக்காக ஒன்றரை வருஷம் அலைந்து கிடைத்த ஒரே நல்ல வரி அது. அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

டாஃப்னி அறிக்கையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தாள். "குடிச்சவங்க யாருமில்ல. விழுந்தவங்களும் யாருமில்ல. அப்படின்னா ஹெட்லி, நீங்க விழவே இல்ல. நாங்கதான் தப்பாப் பாத்துட்டோம்." அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் நடுவர் நின்றுகொண்டே இருந்தார் என்று கிளப் குறிப்பேட்டில் திருத்தி எழுதப்பட்டது. அறுபது சாட்சிகளில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அதோடு போயிருந்தால் கதை சுபம். ஆனால் ஓர் அறிக்கை சும்மா இருக்குமா? ஒருவரைக்கூடத் தள்ளாத இப்படியொரு மாத்திரையை அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களில் ரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும் தரலாம் என்று ஏழு கிளினிக்குக்கும் பரிந்துரைக் கடிதம் போயிற்று. "எனக்கும் உறுத்தத்தான் செய்யுது" என்றாள் அக்டர்பெர்க். "ஆனா ஏழூர் ஆய்வை நான் ஒருத்தி எப்படி மீறறது? நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே கிளெனிஸ்." எங்கள் பக்கத்தில் அறுபதைத் தாண்டி அழுத்தம் இல்லாதவரை விரல் விட்டு எண்ணலாம். கிளப்பில் அப்படி ஒருவரும் இல்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, பருவத்தின் தொடக்க ஆட்டம். வெள்ளை உடையில் முப்பத்திரண்டு பேர் புல்தரையில் இறங்கினார்கள். ஹெட்லி மட்டும் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் நாடாவோடு நடுவில் வந்து நின்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. வேலியோரத்தில் கிளெனிஸ் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாஃப்னி முதல் பந்தைக் குனிந்து உருட்டினாள், நிமிர்ந்தாள், சாய்ந்தாள். அடுத்தவர் உருட்டினார், நிமிர்ந்தார், சாய்ந்தார். அவரைத் தூக்கக் குனிந்த இருவரும் நிமிர்ந்ததும் சாய்ந்தார்கள். ஓடி வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. பத்து நிமிஷத்தில் முப்பத்திரண்டு பேரும் புல்தரையில் மல்லாந்தும் ஒருக்களித்தும் கிடந்தார்கள். அடி ஒன்றும் இல்லை, நல்ல புல். நடுவில் ஹெட்லி மட்டும் நேராக நின்றார்.

டாஃப்னி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். கண் இரண்டும் மிதந்தன.

"ஹெட்லி! மறுபடியும் ஆடறீங்களே!"

"நான் நேரா நிக்கறேன் டாஃப்னி. கீழ கெடக்கறது நீங்க."

"நான் எங்க கெடக்கறேன்? ஏழூர் அறிக்கையைப் படிக்கல? யாரும் விழல. நீங்கதான் இப்படியும் அப்படியுமாப் போறீங்க. ரெண்டு பேரா வேற தெரியறீங்க."

"ஆமா, ஆடறார்" என்றார் ரொட்டிக் கடைக்காரர், ஓரத்துப் பள்ளத்திலிருந்து. "எலுமிச்சைச் சாறெல்லாம் வீண்" என்றது ஒரு பெண் குரல். ஹெட்லி குடித்திருக்கிறார் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றாள் டாஃப்னி. படுத்தபடியே முப்பத்திரண்டு கை எழுந்தது.

கிளெனிஸ் பையோடு ஓடி வந்தாள். "நிறுத்துங்க! நீங்க எல்லாரும் விழுந்து கெடக்கறீங்க!"

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றாள் டாஃப்னி. "நாங்க விழுந்திருந்தா அறிக்கை பொய். அறிக்கை பொய்யின்னா உங்கப்பா பழைய குடிகாரர். அறிக்கை நிஜம்னா நாங்க விழல, ஆடறது அவர்தான். அப்ப புதுக் குடிகாரர். எது வேணும்?"

அறிக்கையின் அடியில் இருந்தது கிளெனிஸின் கையெழுத்து. அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலை ஊன்றி, அப்புறம் இன்னொன்றை ஊன்றி, டாஃப்னிக்கும் கிளப் செயலாளருக்கும் நடுவில் மெதுவாக மல்லாந்து படுத்தார்.

டாஃப்னி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "ஆங்! இப்ப எவ்வளவு நல்லா, நேரா நிக்கறீங்க ஹெட்லி!"

"ரொம்ப நன்றி டாஃப்னி" என்றார் ஹெட்லி, ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு.

புல்தரையில் நிம்மதி பரவிற்று. பிறகு முப்பத்திரண்டு தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறுபக்கம் திரும்பின. அங்கே நின்றுகொண்டிருந்த ஒரே ஆளை எல்லோரும் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தார்கள்.

"கிளெனிஸ்" என்றாள் டாஃப்னி, மிகுந்த பரிவோடு. "நீ ஏம்மா இப்படி ஆடறே?"

கிளெனிஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.